பதினேழாம் பக்கத்துச் சீட்டு

அக்கா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நினைவு நாளுக்கு மலை ஏறி வந்திருக்கிற சொந்தங்களுக்கும், அக்கா தேய்த்துக் கொடுத்த சீருடையைப் போட்டுப் படித்துப் பெரியவர்களான பிள்ளைகளுக்கும், பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கும் முதலில் என் வணக்கம். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாகக் கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாய் திறந்து பேசியதில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் எழுதுகிற வேலையை அக்காதான் பார்த்துக்கொண்டார். ரேஷன் கார்டு மனுவிலிருந்து என் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அவர் எழுத்துதான். இந்த நினைவு மலருக்கான கட்டுரையை மட்டும் அவரிடம் கேட்க முடியவில்லை.

அக்காவின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். கூடவே, அவருடைய மூன்றாவது புத்தகமான ‘ஆலாவின் வீடு’ பற்றி இதுவரை என் மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் புத்தகம் உங்களில் பலர் வீட்டில் இருக்கிறது. அதன் பதினேழாம் பக்கத்தில் ஒரு சிறிய சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டில் ஒரு வரி உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அக்கா பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா செடி வெட்டினார். எழுபதுகளில் எங்களை இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் காகிதம் வந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஆறு. தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். கப்பலில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள், மீதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கம்பியோரம் நின்றார். கடல் காகங்கள் கூட்டமாகக் கப்பலைத் தொடர்ந்து வந்தன. அம்மா வழிக்கென்று சுட்டுக் கட்டியிருந்த தேங்காய் ரொட்டியை அக்கா பிய்த்துப் பிய்த்து மேலே எறிந்தார். ஒரு துண்டுகூடத் தண்ணீரில் விழவில்லை. அம்மா வந்து அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

“நாளைக்கு எங்க கஞ்சி குடிக்கப் போறோம்னு தெரியாமக் கெடக்கோம். இவ காக்காய்க்கு விருந்து வைக்கிறா!”

அந்த அடி வாங்கிய கதைதான் பிற்காலத்தில் ‘கப்பலுக்குப் பின்னால் வந்த பறவை’ என்ற அவருடைய முதல் புத்தகமாயிற்று. அதில் அம்மாவின் வசவை அப்படியே போட்டிருப்பார். பிள்ளைகள் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள்.

மண்டபம் முகாமில் ஒன்றரை மாதம் இருந்தோம். அப்பா தினமும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். ஆலா என்ற வெள்ளைப் பறவை தலைகீழாகக் கடலில் விழுந்து மீனோடு எழும்புவதை அங்கேதான் முதலில் பார்த்தோம். உள்ளான் என்ற சின்னக் கரைப் பறவைகள் அலைக்கு முன்னால் ஓடி, அலை திரும்பும்போது பின்னால் ஓடுவதைப் பார்த்து நான் கைதட்டுவேனாம். “கதைக்காமப் பாரு. பாத்துட்டு அப்புறம் கதை” என்பார் அக்கா. பேசுவதைக் கதைப்பது என்று சொல்லும் தோட்டத்துப் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

அவர் கடலோரத்தில் இருந்தது வாழ்நாளில் அந்த ஒன்றரை மாதம்தான். மூன்று புத்தகங்களும் அந்தக் கப்பலிலிருந்தும் கரையிலிருந்தும் வந்தவை.

முகாமிலிருந்து எங்களைக் கொடைக்கானல் மேல்மலைக்கு அனுப்பினார்கள். பூண்டிப் பக்கம் வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கிற வேலை. குடிசைக்குள் பனி இறங்கும். பேர்தான் கூலி வேலை, நினைத்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. அக்காவுக்குப் பதினாறு வயதில், சரிவில் உருண்டு வந்த மரத்துண்டு ஒன்று அவர் இடுப்பில் மோதியது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தார். எழுந்து நடந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் உட்கார முடியாது. கால் மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பில் நெருப்பு வைத்ததுபோல் எரியும். நிற்கலாம், படுக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால்தான் பஸ் ஏறி மலையை விட்டு இறங்கிக் கடலைப் பார்க்கவும் முடியவில்லை. வண்டியில் படுத்துக்கொண்டு போனாலும் மலைப் பாதையின் குலுக்கலை இடுப்பு தாங்காது.

நின்றுகொண்டே செய்கிற வேலை ஒன்று வேண்டும் என்று அவரே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டார். விடுதிப் பிள்ளைகளின் துணியைத் தேய்க்கிற வேலை கிடைத்தது. முப்பது வருடம் அந்த இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றார். படித்ததும் அங்கே நின்றுதான். பிள்ளைகள் விட்டுப்போன பாடப் புத்தகங்களை மேசையில் ஒரு பக்கம் விரித்து வைத்துக்கொண்டு, சட்டை காலர் தேய்த்தபடியே பத்தாம் வகுப்பு வரைக்கும் தானாகப் படித்து முடித்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சூடான அறை அந்த இஸ்திரி அறைதான். கரி அடுப்பு எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். வீட்டு ஞாபகம் வந்த பிள்ளைகள், குளிர் தாங்காத பிள்ளைகள் எல்லாம் அங்கே வந்து சுவரோரம் ஒண்டிக்கொள்வார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்தும் ராமநாதபுரப் பக்கமிருந்தும் வந்து தங்கிப் படித்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு அக்கா கடல் பறவைக் கதை சொல்வார். அவர்கள் திருத்துவார்கள். “யக்கா, அது அப்படிப் பறக்காது, இப்படித்தான்” என்று கையை விரித்து மேசையைச் சுற்றி ஓடிக் காட்டுவார்கள். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நோட்டில் குறித்துக்கொள்வார்.

அந்த நோட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் கோடு போட்டு, அந்தச் செய்தியைக் கண்ணால் பார்த்தது யார் என்று எழுதியிருப்பார். ‘பார்த்தது: நான், மண்டபம்.’ ‘பார்த்தது: ஜெசி, வேம்பார்.’ ‘பார்த்தது: தம்பி, தூத்துக்குடி உப்பளம்.’ யாரும் பார்க்காததை எழுத மாட்டார். சின்னப் பிள்ளை படிக்கிற புத்தகத்தில் பொய் இருந்தால், பெரியவனான பிறகும் அந்தப் பொய் அவனோடு இருக்கும் என்பார். ஓவிய ஆசிரியை ஒருவர் படம் வரைந்து கொடுக்க, வத்தலக்குண்டில் ஓர் அச்சகத்தில் ஐந்நூறு பிரதி அடிப்பார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் சொந்தங்களுக்கும் போகும்.

பிள்ளைகள் சொன்னது போதாதபோது அக்காவுக்காகப் பார்த்தது நான். சவாரியோடு தூத்துக்குடி, வேதாரண்யம், ராமேஸ்வரம் என்று எங்கே இறங்கினாலும், கிளம்பும்போது அக்கா ஒரு பட்டியல் கொடுப்பார். துணிக்கு எண் போடுகிற சீட்டின் பின்பக்கம் நாலு கேள்வி எழுதியிருக்கும். கடைசியில் ‘பார்த்தது மட்டும்’ என்று ஒரு வரி. பூநாரை தண்ணீரில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, உள்ளான் ஓடும்போது தலை ஆடுகிறதா, இந்த மாதிரிக் கேள்விகள். சவாரி வந்தவர்கள் கோயிலுக்குள் போயிருக்கும் நேரத்தில் நான் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவேன். பறவையிடம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மனிதரிடம் கேட்பதுதான் எனக்கு வராது. என் மனைவி சொல்வாள், “வழி கேக்கவே கூச்சப்படுற டிரைவரு இந்த மலையில நீங்க ஒருத்தருதான். பழனிக்குப் போகச் சொன்னா பொள்ளாச்சி போயித் திரும்புவீங்க, யாரையும் கேக்க மாட்டீங்க.”

சுனாமி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த கோடை அது. மூன்றாவது புத்தகம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ‘ஆலாவின் வீடு’ என்று பேர்கூட வைத்தாயிற்று. ஆனால் அந்த வீட்டை அக்கா பார்த்ததில்லை. நாங்கள் முகாமில் இருந்தது மழைக்காலம். ஆலா முட்டையிடுவது கோடையில். விடுதிப் பிள்ளைகளைக் கேட்கலாம் என்றால் மே மாத விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். பள்ளி திறப்பதற்குள் புத்தகம் வேண்டும் என்றால் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் எனக்கு ராமேஸ்வரம் சவாரி கிடைத்தது. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். பட்டியலைச் சட்டைப் பையில் அவரே வைத்தார். ஆலா எங்கே முட்டையிடுகிறது? கூடு எதனால் கட்டுகிறது? எத்தனை முட்டை? என்ன நிறம்? பார்த்தது மட்டும்.

“தனுஷ்கோடி மணல்ல இருக்குமாம். நீதாண்டா போய்ப் பாத்துச் சொல்லணும். எனக்கு வேற யாரு இருக்கா?”

சவாரிக்காரர்கள் கோயிலுக்குள் போனதும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு தார் ரோடு முடிகிற இடத்துக்குப் போனேன். அதற்கு மேல் மணல். மீன்காரர்களின் வேனில்தான் போக வேண்டும். ஒரு கொட்டகை நிழலில் மூன்று பேர் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் போய்க் கேட்டேன்.

“அண்ணே, இங்க ஆலா முட்டை போடுற எடம் எதுங்க?”

அவர்களில் மூத்தவர் வலையைக் கீழே வைத்தார். “எந்த ஊரு நீங்க?”

“கொடைக்கானலுங்க.”

“ஏன், அங்க கோழி முட்டை போடாதா?”

“குளுருல அதுக்கு அடைச்சுக்கிட்டிருக்கும் மாமா” என்றார் அடுத்தவர். “அண்ணே, உங்களுக்கு ஆம்லேட்டா, அவிச்சதா? சொல்லிட்டீங்கன்னா ஆலாகிட்டச் சொல்லிருவோம்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஒருவர் நகர்ந்து எனக்கு உட்கார இடம்கூட விட்டார். “சும்மா வெளாட்டுக்குச் சொன்னோம்ணே. வேன் இப்பக் கெளம்பிரும். ஏறுங்க, காட்டுறோம்” என்றார். அவ்வளவு நல்ல மனிதர்கள்.

நான், “இல்லீங்க, சும்மாத்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். முகமெல்லாம் சுட்டது. வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினேன். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. சுனாமிக்குப் பிறகு கடலைக் கண்டால் பயம், அதனால் போகவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது இல்லை. மூன்று பேர் சிரித்தார்கள், நான் திரும்பிவிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

பார்க்கவில்லை என்று வந்து சொல்லியிருக்கலாம். அக்கா கோபித்துக்கொள்கிறவர் இல்லை. ஆனால் நான் இஸ்திரி அறைக்குள் நுழைந்தபோது அவர் நோட்டைத் திறந்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“பாத்தியா?”

“பாத்தேன்க்கா.”

“கூடு எதுல கட்டியிருக்கு?”

எனக்குத் தெரிந்த பறவை எல்லாம் மலைப் பறவை. எங்கள் வீட்டுப் பேரிக்காய் மரத்தில் கொண்டைக்குருவி வருடா வருடம் கூடு கட்டும். கண்ணுக்குள் அதுதான் வந்தது.

“புல்லுக்கா. காஞ்ச புல்லு. கிண்ணம் மாதிரி.”

“மணல்ல புல்லு ஏதுடா?”

“கரையில ஒதுங்கிக் கெடக்கும்ல. பாசியும் கலந்து.”

“காத்துல பறக்காதா?”

“பறக்கலக்கா.”

அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். ஓரத்தில் கோடு போட்டு, ‘பார்த்தது: தம்பி’ என்று எழுதினார். ஓவிய ஆசிரியை அந்த நோட்டைப் பார்த்துத்தான் கிண்ணம் மாதிரி ஒரு கூடு வரைந்தார். அழகான படம்.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம் புத்தகக் கட்டுகள் வந்தன. நான்தான் வத்தலக்குண்டிலிருந்து ஏற்றிவந்து இஸ்திரி அறையில் இறக்கினேன். புதுப் புத்தகம் வந்தால் வெளியே கொடுப்பதற்கு முன்னால் விடுதிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது அக்காவின் வழக்கம். அன்றைக்கும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை அமலி, வேம்பார்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தவள், சத்தமாக வாசித்தாள். பதினேழாம் பக்கம் வந்ததும் நிறுத்திச் சிரித்துவிட்டாள்.

“யக்கோ! ஆலா எங்க கூடு கட்டுது? இது என்ன கோழிக்கூடையா?”

“பின்ன?” என்றார் அக்கா.

“அதுக்கு ஏதுக்கா கூடு? வெறும் மணல்லதான் முட்டை கெடக்கும். மணலு எது, முட்டை எதுன்னே தெரியாது. அந்த மாசம் கரையில நடந்தா எங்கப்பா கத்துவாரு, ‘ஏ புள்ள, பாத்துக் கால வையி’ன்னு. யாரு உங்களுக்குப் புல்லுன்னு சொன்னது?”

நான் கட்டைப் பிரித்த சணலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம்தான். எனக்கு அது போதுமான நேரம். நான் வாயைத் திறக்கவில்லை.

“யாரும் சொல்லல அமலி. நான்தான் பாக்காம எழுதிட்டேன்” என்றார் அக்கா.

பிள்ளைகள் போன பிறகும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே அச்சகத்தில் ஐந்நூறு சீட்டு அடித்து வரச் சொன்னார். உங்கள் வீட்டுப் புத்தகத்தில் இருப்பது அந்தச் சீட்டுதான்: ‘இந்தப் பக்கத்தில் ஆலா புல்லால் கூடு கட்டும் என்று எழுதியிருப்பது தவறு. ஆலா வெறும் மணலில் முட்டையிடும். பார்க்காமல் எழுதியது என் பிழை. பிள்ளைகள் மன்னிக்கவும். ஆசிரியர்.’

மைதா மாவில் பசை காய்ச்சி, மூன்று நாள் சாயங்காலம் நானும் அக்காவும் இஸ்திரி மேசையின் இரண்டு பக்கமும் நின்று ஒட்டினோம். அவர் பசை தடவித் தருவார், நான் ஒட்டுவேன். ஐந்நூறு தடவை ‘என் பிழை’ என்ற வரியை என் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறேன். இரண்டாம் நாள், தலையை நிமிர்த்தாமலே அக்கா கேட்டார்.

“ஏலே தம்பி, ஏதாச்சும் சொல்லணுமாடா?”

“பசை தீந்துருச்சுக்கா” என்றேன். “காய்ச்சிட்டு வாரேன்.”

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

பாசத்தில் ஒரு குறையும் இல்லை. எப்போதும்போலச் சாப்பிட்டாயா என்று கேட்பார், என் பிள்ளைகளுக்குச் சட்டை தேய்த்துக் கொடுப்பார். ஆனால் அடுத்த முறை தூத்துக்குடிக்குச் சவாரி என்று சொன்னபோது, “பாத்துப் போயிட்டு வெரசா வா” என்றார். பட்டியல் கொடுக்கவில்லை. நான் வண்டி துடைக்கிற சாக்கில் ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். கொடுக்கவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. கேட்காமலே நான் ஒரு மருந்துப் பாட்டிலில் கடல் மணலும், இரண்டு இறகும் கொண்டுவந்தேன். “நல்லாருக்குடா” என்று வாங்கி ஜன்னலில் வைத்தார். எந்தப் பறவையின் இறகு என்று கேட்கவில்லை.

உள்ளான்களைப் பற்றி நாலாவதாக ஒரு புத்தகம் எழுதப்போவதாக உங்களில் பலரிடம் அக்கா சொல்லியிருக்கிறார். அது வராததற்கு உடம்பு சரியில்லாமல் போனதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உடம்புக்கு வந்தது கடைசி எட்டு மாதத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகவே இருந்தார். நோட்டில் கேள்விகள் எழுதி வைத்திருந்தார், பதில்தான் இல்லை. போய்ப் பார்த்துவர அவருக்கு ஆள் இல்லை. நாலாவது புத்தகம் வராமல் போனது என்னால்தான்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று மதுரையில் சொன்னார்கள். வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க, வேறு வழியில்லாமல், வண்டியின் பின் சீட்டில் அவரைப் படுக்கவைத்து மலை இறங்குவோம். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஏப்ரலில். சித்திரை வெயில். வார்டில் ஃபேன் சுற்றியும் காற்று இல்லை. அக்கா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

“தம்பி, வெறும் மணல்ல முட்டை கெடந்தா இந்த வெயில்ல வெந்துறாதா? அது என்னடா பண்ணும்?”

ரொம்ப நாள் கழித்து அவர் என்னிடம் கேட்ட கேள்வி. ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

“தெரியலக்கா” என்றேன்.

அக்கா சிரித்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. “தெரியலன்னு சொல்றது எவ்வளவு லேசு, பாத்தியா?” என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் நர்ஸ் ஊசி போட வந்தார், பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சாயங்காலம் தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் தூங்கிவிட்டார். பிறகு நினைவு திரும்பவில்லை. நாலாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து இஸ்திரி அறையைக் காலி செய்தபோது நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது புத்தகத்தின் நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். ஓரத்தில் ‘பார்த்தது: தம்பி’ என்பதில் ‘தம்பி’யை ரப்பரால் அழித்திருந்தார். அதன் மேல் அதே பென்சிலில், ‘யாருமில்லை’ என்று எழுதியிருந்தார்.

அஸ்தி கரைக்க மே மாதம் ராமேஸ்வரம் போனேன். அக்னி தீர்த்தத்தில் கரைத்துவிட்டு, என் மனைவியைச் சத்திரத்தில் விட்டுவிட்டு, தார் ரோடு முடிகிற அதே இடத்துக்குப் போனேன். கொட்டகை இருந்தது. வேறு ஆட்கள். போன உடனே கேட்டேன்.

“அண்ணே, ஆலா முட்டையப் பாக்கணும். காட்டுவீங்களா?”

“எதுக்குங்க?”

“எங்கக்கா கேட்டாங்க.”

அவர்களில் ஒருவர் என் மொட்டைத் தலையைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. “வாங்க” என்று வேனில் ஏற்றிக்கொண்டார். இறங்கியதும், “நான் கால் வச்ச தடத்துலயே கால் வைங்க. எனக்கே சில நேரம் தெரியாது” என்று முன்னால் நடந்தார். நான் அவர் தடத்தில் நடந்தேன். கொஞ்ச தூரம் போய் நின்று விரலை நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மணல்தான். பிறகு மணலிலேயே இரண்டு முட்டை தெரிந்தன. மணல் நிறம், மேலே கரும்புள்ளி. கையால் லேசாக அழுத்தியது போன்ற ஒரு குழி. ஒரு புல்லுகூட இல்லை. தலைக்கு மேல் ஆலா கத்திக்கொண்டு பாய்ந்தது.

பின்வாங்கி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரொம்ப தூரத்தில் உட்கார்ந்தோம். மணல் சுட்டது. ஆலா இறங்கி முட்டைக்கு மேல் நின்று இறக்கையை லேசாக விரித்தது. நிழல் முட்டை மேல் விழுந்தது. பிறகு எழும்பித் தண்ணீரோரம் போய், வயிற்றை மட்டும் கடலில் தோய்த்துவிட்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று தடவை அப்படிச் செய்தது. அக்கா கேட்டதற்குப் பதில் அதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், வேனில் ஏறியிருந்தால், அந்தப் பதில் பதினேழாம் பக்கத்திலேயே இருந்திருக்கும்.

அக்காவைக் கடைசி எட்டு மாதமும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு நான் நேரில் சொல்லாத நன்றியை இங்கே எழுதுகிறேன். இத்தனை வருடம் அக்காவுக்கு நிற்க ஓர் இடம் கொடுத்த பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்களுக்கும், படம் வரைந்து தந்த ஆசிரியைக்கும், கேட்ட உடனே ரத்தம் கொடுக்க மதுரைக்கு இறங்கி வந்த டாக்சி ஸ்டாண்டு நண்பர்களுக்கும், அக்காவின் கட்டில் பக்கத்தில் நின்று கதை கேட்டுக்கொண்டே வேலை செய்த நர்ஸ் அம்மாவுக்கும், தன் தடத்தில் என்னை நடத்திக் கூட்டிப்போன அந்த மீனவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கீழே உள்ள வாசகத்தை அமலியிடம்தான் காட்டினேன். இப்போது எட்டாம் வகுப்பு. படித்துவிட்டு, “சரியா இருக்கு மாமா. வயித்த நனைக்கிறத நானே பாத்ததில்ல” என்றாள். அதற்குப் பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

இந்த மலருக்குள் ஒரு சிறிய சீட்டு வைத்திருக்கிறேன். ‘ஆலாவின் வீடு’ வைத்திருப்பவர்கள் பதினேழாம் பக்கத்தில் அக்கா ஒட்டிய சீட்டைக் கிழிக்க வேண்டாம். அது அவர் ஒட்டியது. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே இதை ஒட்டிவிடுங்கள். மைதாப் பசை போதும்.

‘மேலே உள்ள சீட்டில் ஆசிரியர் தன் பிழை என்று எழுதியிருப்பது சரியல்ல. பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னவன் அவர் தம்பி. ஆலா வெறும் மணலில் முட்டையிடும். முட்டை மணல் நிறத்தில், கரும்புள்ளியோடு இருக்கும். வெயிலில் இறக்கையை விரித்து நிழல் கொடுக்கும். வயிற்றைக் கடலில் நனைத்து வந்து முட்டை மேல் உட்காரும். பார்த்தது: தம்பி.’